இந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வருது?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் கேட்குதுன்னா, உங்க ஹெட்ஃபோன்ல தப்பு இல்ல. நான் இந்த வாரம் ஊர்ல இருக்கேன். செட்டியார்பட்டி. ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டி இருக்கிற ஊர். எங்க பக்கம் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும். நைட்டி தைக்கிறது இங்க பெரிய தொழில். பக்கத்து வீட்டு அத்தை பத்து மெஷின் போட்டிருக்காங்க. "அத்தை, ஒரு மணி நேரம் ரெக்கார்டிங் இருக்கு"ன்னு சொன்னேன். "எனக்கும் ஆர்டர் இருக்குப்பா"ன்னு சொல்லிட்டாங்க. அதனால ரெண்டும் சேர்ந்து ஓடும். பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் கேட்க கொஞ்சம் வறட்சியா இருக்கும். ஒரே கம்பெனிக்குள்ள அஞ்சாறு ப்ராஜெக்ட் இருக்கு. எல்லாத்துக்கும் பொதுவா சில கோடு இருக்கு. அதை வெளியில யாருக்கும் காட்டாம, உள்ளுக்குள்ள பேக்கேஜா வச்சு எப்படிப் பகிர்ந்துக்கிறது? அதாவது ப்ரைவேட் பேக்கேஜ் டிபென்டென்ஸி. போன எபிசோடுக்கு வந்த மெயில்ல நாலு பேர் இதைக் கேட்டிருந்தீங்க. நான் இதைத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். காரணம், இதுல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லாம இதைப் பேச முடியாது. சரி, இன்னைக்குச் சொல்லிடுறேன்.

பேர் ஒண்ணு, ஊர் ரெண்டு

முதல்ல ஒரு கூரியர் கதை. லாக்டவுன் சமயம் லேப்டாப் சார்ஜர் போயிடுச்சு. ஆர்டர் போட்டேன். ஒரு வாரம் ஆச்சு, வரல. கேட்டா, "சார், செட்டியார்பட்டிக்கு வந்துட்டோம், நீங்க சொல்ற தெரு இங்க இல்லையே"ன்னாங்க. அவங்க போய் நின்னது வேற மாவட்டத்துல இருக்கிற இன்னொரு செட்டியார்பட்டி. ஃபோன்ல ஆர்டர் எடுத்தவங்க பின்கோடு கேட்காம, ஊர்ப் பேரைத் தட்டினதும் முதல்ல வந்த ஊரைத் தேர்ந்தெடுத்துட்டாங்க.

நம்ம நாட்டுல இந்தப் பிரச்சினை புதுசு இல்ல. ஒரே பேர்ல பல ஊர், ஒரே ஊருக்குப் பல மொழியில பல எழுத்து. தபால்காரங்க திண்டாடினாங்க. அதுக்குத் தீர்வா 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஆறு இலக்கப் பின்கோடு வந்துச்சு. அதைக் கொண்டுவந்தவர் ஶ்ரீராம் பிகாஜி வேலங்கர்ங்கிற மத்திய அரசு அதிகாரி. முதல் இலக்கம் மண்டலம்; 6 வந்தா தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூணு இலக்கம் தபால் பிரிக்கிற மாவட்டம். கடைசி மூணு தபால் நிலையம். ராஜபாளையம் 626117, ஶ்ரீவில்லிபுத்தூர் 626125. இந்தியாவுல எத்தனை ராஜபாளையம் வேணும்னாலும் இருக்கட்டும், 626117-ஐ யாரும் குழப்பிக்க முடியாது.

இதை மனசுல வச்சுக்கோங்க. இந்த எபிசோட்ல நான் சொல்லப்போற எல்லாத்துக்கும் அடியில ஓடுறது இதுதான்: பேர் மட்டும் முகவரி ஆகாது.

ஒரு ரூபாய்க் கணக்கு

2019-ல நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி சின்னது. பேர் வேண்டாம். மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணிக்கிட்டிருந்தாங்க. பில் போடுற சர்வீஸ் ஒண்ணு, ரிப்போர்ட்டுக்கு ஒண்ணு, பணம் திருப்பிக் கொடுக்கிறதுக்கு ஒண்ணு, மாசக் கடைசியில மெயில் அனுப்ப ஒண்ணு. நாலும் பைத்தான். முன்னாடி தெரியிற வெப் பக்கம் தனி, அது ஜாவாஸ்கிரிப்ட்.

வரியை முழு ரூபாயா மாத்துற ஒரு குட்டி ஃபங்ஷன் இருந்துச்சு. யாரோ ஒரு தடவை எழுதினது. மத்த மூணு இடத்துக்கும் காப்பி-பேஸ்ட். இப்போ கவனிங்க. ஜிஎஸ்டி சட்டத்தோட 170-வது பிரிவு, ஐம்பது பைசாவோ அதுக்கு மேலயோ இருந்தா அடுத்த ரூபாய்க்கு ஏத்தணும்னு சொல்லுது. ஆனா பைத்தானோட ரவுண்ட் ஃபங்ஷன் சரியா பாதியில நின்னா பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 1,234.50-ஐ அதுகிட்டக் கொடுத்தா 1,234-ன்னு சொல்லும். சட்டப்படி 1,235. ஜாவாஸ்கிரிப்ட்ல மேத்.ரவுண்ட் போட்டா 1,235-னே வரும். திரையில ஒண்ணு, பில்லுல ஒண்ணு.

இதைக் கண்டுபிடிச்சு பில் சர்வீஸ்ல சரி பண்ணிட்டோம். டிக்கெட்டை மூடிட்டோம். மத்த மூணு காப்பியும் பழசாவே கிடந்துச்சு. மாசக் கடைசியில பில்லுக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் இடிக்குது. கஸ்டமர் பக்கம் இருந்த கணக்காளர் ஒருத்தர் அந்த ஒரு ரூபாயைத் தேடி ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கார். கணக்கு வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், ஒரு லட்சம் இடிச்சாக்கூட சீக்கிரம் கிடைச்சிடும், ஒரு ரூபாய்தான் தூங்க விடாது.

அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணோம். பொதுவான கோடை ஒரே இடத்துல வைப்போம். அதை ஒரு பேக்கேஜா கட்டுவோம். வெர்ஷன் நம்பர் கொடுப்போம். நாலு சர்வீஸும் அதை இன்ஸ்டால் பண்ணிக்கட்டும். வெளியில காட்டக்கூடாத கோடுங்கிறதால ஆஃபீஸ் சர்வர்ல ஒரு சின்ன ரெஜிஸ்ட்ரி வச்சோம். வரிக்கு ஒரு பேக்கேஜ், லாகினுக்கு ஒண்ணு, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒண்ணு, தேதி கணக்குக்கு ஒண்ணு. மொத்தம் நாலு. இதுவரைக்கும் எல்லாமே சரிதான்.

அந்த ஒரு வரி

2020 மார்ச். லாக்டவுன். சென்னையில ரூமைக் காலி பண்ணிட்டு செட்டியார்பட்டி வந்துட்டேன். மாடியில ஒரு மூலையிலதான் டவர் கிடைக்கும். விபிஎன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்துபோகும்.

பிப்-க்கு, அதாவது பைத்தான் பேக்கேஜை இறக்குற டூலுக்கு, எங்கிருந்து எடுக்கணும்னு ஒரு முகவரி கொடுக்கலாம். அதுக்கு இண்டெக்ஸ்-யூஆர்எல்னு பேரு. எங்க சர்வர்ல எங்க நாலு பேக்கேஜ் மட்டும்தான் இருந்துச்சு. ஜாங்கோ, ரெக்வெஸ்ட்ஸ் மாதிரி பொதுப் பேக்கேஜ் எல்லாம் பைபிஐ-ல இருந்துதான் வரணும். ரெண்டு இடமும் வேணும். தேடினேன். முதல் பதில்லயே கிடைச்சுது: எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல். பைபிஐ-யும் பாரு, கூடவே எங்க சர்வரையும் பாரு. டாக்கர்ஃபைல்ல போட்டேன். ஓடுச்சு. நாலு ப்ராஜெக்ட்லயும் அதே வரியை ஒட்டினேன். ரீட்மீ-லயும் எழுதி வச்சேன், புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு.

அந்த வரி ரெண்டரை வருஷம் அங்கேயே இருந்துச்சு.

2022 அக்டோபர்ல எங்க டீமுக்கு ஒரு இன்டர்ன் வந்தாங்க. எங்க மாவட்டத்துப் பொண்ணுதான். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. வந்த மூணாவது வாரம் கால்ல கேட்டாங்க: "அண்ணா, இந்த வரி பைபிஐ, நம்ம சர்வர் ரெண்டையும் பார்க்கும்ல? நம்ம பேக்கேஜ் பேர்லயே பைபிஐ-ல வேற யாராவது ஒண்ணு ஏத்திவிட்டா பிப் எதை எடுக்கும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்கம்மா. நம்ம பேக்கேஜ் பேர் வெளியில யாருக்குத் தெரியப்போகுது? நீ அந்த எஸ்எம்எஸ் டிக்கெட்டை முடி."

"சரிங்கண்ணா"ன்னுட்டாங்க. கால் முடிஞ்சுது.

பிப் எதை எடுக்கும்?

அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ் போட்டா, பிப்-க்கு இது நம்ம வீடு, அது பொதுச் சந்தைங்கிற பாகுபாடு கிடையாது. எல்லா இடத்துலயும் அந்தப் பேரைத் தேடும். கிடைச்சதுல பொருந்துற பெரிய வெர்ஷன் எதுவோ அதை எடுத்துக்கும். எங்க வரி பேக்கேஜ் அப்போ 1.4. யாராவது அதே பேர்ல 99-ன்னு ஒண்ணை பைபிஐ-ல ஏத்தியிருந்தா, 99 தான் ஜெயிக்கும். இன்ஸ்டால் ஆகும்போதே அதுக்குள்ள இருக்கிற கோடு ஓடலாம். எங்க பில்ட் சர்வர்ல. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிற அதே சர்வர்ல.

இது எனக்குத் தெரியாததுன்னு சொன்னா பொய். 2021 பிப்ரவரியில அலெக்ஸ் பிர்சன்னு ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதை உலகத்துக்கே செய்து காட்டினார். பேபாலோட உள் கோடுல இருந்த ஒரு பேக்கேஜ் பட்டியல் அவர் கண்ணுல பட்டுச்சு. அதுல சில பேர்கள் பொது என்பிஎம்-ல இல்ல. அப்போ அவை ப்ரைவேட். சரி, அந்தப் பேரை நான் பொதுவுல பதிவு பண்ணினா என்ன ஆகும்னு யோசிச்சார். பண்ணிப் பார்த்தார். உள்ளே வச்சது கெடுதல் இல்லாத ஒரு சின்ன கோடு. எந்த மெஷின்ல ஓடுறோம்னு மட்டும் அவருக்குச் சேதி அனுப்பும். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ஷாப்பிஃபை உட்பட 35-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குள்ள இருந்து சேதி வந்துச்சு. என்பிஎம், பைபிஐ, ரூபிஜெம்ஸ் மூணுலயும் இது நடந்துச்சு. பரிசா மட்டும் 1,30,000 டாலருக்கு மேல கிடைச்சுது. இந்த வித்தைக்கு டிபென்டென்ஸி கன்ஃப்யூஷன்னு அவர் வச்ச பேர் நிலைச்சிடுச்சு.

நான் அந்தக் கட்டுரையைப் படிச்சேன். நண்பர்கள் குரூப்ல ஷேர் கூடப் பண்ணேன். "செம மச்சி"ன்னு ரெண்டு பேர் பதில் போட்டாங்க. ஆனா என்னோட டாக்கர்ஃபைலைத் திறந்து பார்க்கல. அது ஆப்பிளுக்கு நடக்கிற விஷயம், எங்களுக்கு எதுக்குன்னு ஒரு நினைப்பு.

இன்னொண்ணு சொல்றேன். பேர் வெளியில யாருக்குத் தெரியும்னு கேட்டேன்ல? பேர் கசியறதுக்கு ஆயிரம் வழி. வெப் பக்கத்துக்கு அனுப்புற ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ளேயே உள் பேக்கேஜ் பேர் பல சமயம் அப்படியே போயிடும். பிர்சன் நிறைய பேர்களைக் கண்டுபிடிச்சதே அப்படித்தான். யாராவது எரர் மெசேஜை அப்படியே காப்பி பண்ணி வெளியில உதவி கேட்டாலும் போச்சு. பேரை ரகசியமா வச்சிருக்கிறதைப் பாதுகாப்புன்னு நினைக்கக் கூடாது.

ஆண்டாள் கோயில் வாசல்

2023 ஜனவரி 1. மார்கழி. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஶ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போயிருந்தேன். கூட்டம். அம்மா வரிசையில நிக்கிறாங்க, நான் வெளியில செருப்புக்குக் காவல். ஃபோனை எடுத்துப் பார்த்தா பைடார்ச் டீமோட அறிவிப்பு.

விஷயம் இதுதான். பைடார்ச்சோட நைட்லி வெர்ஷன், அதாவது தினமும் புதுசா கட்டி வெளியிடுற சோதனை வெர்ஷன், டார்ச்-ட்ரைட்டன்னு ஒரு பேக்கேஜை நம்பியிருந்துச்சு. அந்தப் பேக்கேஜ் பைடார்ச்சோட சொந்த இண்டெக்ஸ்ல மட்டும்தான் இருந்துச்சு. பைபிஐ-ல அந்தப் பேர் காலி. யாரோ ஒருத்தர் அதே பேரை பைபிஐ-ல பதிவு பண்ணிட்டார். 2022 டிசம்பர் 25-ல இருந்து 30 வரைக்கும், லினக்ஸ்ல பிப் மூலமா நைட்லி இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு அசலுக்குப் பதில் அதுதான் இறங்குச்சு. மெஷினோட விவரங்கள், என்விரான்மென்ட் வேரியபிள், ஹோம் ஃபோல்டர்ல இருந்த ஃபைல்கள், எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாத்தையும் எடுத்து டிஎன்எஸ் வழியா வெளியில அனுப்பிச்சு. வழக்கமான ஸ்டேபிள் வெர்ஷனுக்குப் பாதிப்பு இல்ல.

அவங்க சொல்லிக் கொடுத்த இன்ஸ்டால் கமாண்ட்லயும் அதே எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல். டாக்கர்ஃபைல்ல நான் ஒட்டின அதே வரி.

அந்த வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குக் கை வேர்த்துடுச்சு. ஃபோன்லயே எங்க நாலு பேக்கேஜ் பேரையும் ஒவ்வொண்ணா பைபிஐ-ல தேடினேன். முதல் பேர், இல்ல. ரெண்டாவது, இல்ல. நாலுமே இல்ல. மூச்சு வந்துச்சு. ஆனா இன்னைக்கு இல்லைங்கிறதால, நடுவுல ஒரு நாள் இருந்து நீக்கப்படலைன்னு அர்த்தம் இல்லையே. மருத்துவமனை பில் அது. நோயாளி பேர், என்ன டெஸ்ட், எவ்வளவு பணம், எல்லாம் இருக்கும். யாரோட அம்மாவோ ஒருத்தங்களோட ஸ்கேன் விவரம்.

அம்மா வெளியில வந்து, "என்னடா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னாங்க. "ஆஃபீஸ் விஷயம்மா"ன்னேன். "பால்கோவா வாங்கணும்"ன்னாங்க. வாங்கினோம். என்ன ருசின்னு எனக்கு ஞாபகம் இல்ல.

சொல்றதா, சத்தமில்லாம மாத்துறதா

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். நாலு டாக்கர்ஃபைல், ஒரு ரீட்மீ. பத்து நிமிஷ வேலை. லீவு நாள், யாரும் பார்க்க மாட்டாங்க. "பில்ட் சுத்தம்"னு ஒரு கமிட் மெசேஜ் போட்டா முடிஞ்சுது.

அந்த எண்ணம் எனக்கு வரலைன்னு சொல்ல மாட்டேன். கிட்-ப்ளேம் போட்டா அஞ்சு இடத்துலயும் என் பேர்தான். ஆனா சத்தமில்லாம மாத்தினா பழைய பில்ட் லாக்-ஐ யாரும் பார்க்க மாட்டாங்க. ஏதாவது ஏற்கனவே போயிருந்தா, போனது போனதுதான், கடைசி வரைக்கும் தெரியாது.

மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். "சார், நியூ இயர் அன்னைக்குத் தொந்தரவு பண்றேன்"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன், இன்டர்ன் முன்னாடியே கேட்டதையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரெண்டே கேள்வி: "எப்போதிலிருந்து? உள்ளே எதுவும் வரலைன்னு எப்படிக் காட்டுவ?"

அடுத்த மூணு நாள் அந்த ரெண்டாவது கேள்விதான் வேலை. பிப் ஒவ்வொரு தடவையும் எந்த முகவரியில இருந்து இறக்கினதுன்னு லாக்-ல எழுதும். எங்ககிட்ட லாக் முழுசா இருந்துச்சு, அது எங்க அதிர்ஷ்டம். எங்க நாலு பேக்கேஜும் ஒவ்வொரு தடவையும் எங்க சர்வர்ல இருந்துதான் வந்திருந்துச்சு. எதுவும் போகல.

அந்தத் தங்கச்சிக்குத் தனியா ஃபோன் போட்டு, "நீ கேட்டப்போ நான் காது கொடுத்துக் கேட்டிருக்கணும், மன்னிச்சிடும்மா"ன்னேன். அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு: "பரவால்லண்ணா. நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்னு அன்னைக்கு ராத்திரி தோணுச்சு. ஆனா சீனியர்கிட்ட எப்படி ரெண்டு தடவை கேட்கிறதுன்னு விட்டுட்டேன்."

பாருங்க, தப்பு என்னோடது, அந்த ராத்திரி தூங்காதது அவங்க. அந்த வரி கூடத் தெரியாமப் பண்ணினது. இது தெரிஞ்சே பண்ணினது.

சரி, என்ன பண்ணணும்?

நாங்க மாத்தினதைச் சொல்றேன். உங்க மொழிக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கோங்க.

முதல் வேலை, பேரோட முகவரியைச் சேர்க்கிறது. என்பிஎம்-ல இதுக்கு ஸ்கோப்னு பேரு. பேக்கேஜ் பேருக்கு முன்னாடி அட் குறி, கம்பெனி பேர், ஒரு சாய்கோடு. அந்தக் கம்பெனி பேர்ல யாரு பப்ளிஷ் பண்ணலாம்ங்கிறது அந்த அக்கவுன்ட் வச்சிருக்கிறவங்க கையில மட்டும். அப்புறம் என்பிஎம்ஆர்சி ஃபைல்ல, இந்த ஸ்கோப்ல வர்ற எல்லாமே இந்த ரெஜிஸ்ட்ரியில இருந்துதான் வரணும்னு ஒரு வரி. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. நீங்க பொது என்பிஎம்-ஐப் பயன்படுத்தாட்டியும், அந்தக் கம்பெனி பேரை அங்கேயும் உங்க பேர்ல பதிவு பண்ணி வச்சிடுங்க. ஏதோ ஒரு மெஷின்ல அந்த வரி விடுபட்டுப்போனா, என்பிஎம் பொது இடத்துக்குப் போகும். பேர் உங்களோடதா இருந்தா 404 வந்து பில்ட் நின்னுடும். வேறொருத்தரோடதா இருந்தா பில்ட் நிக்காது. நிக்கிற பில்ட்தான் நமக்கு நல்லது.

பைத்தான்ல இந்த மாதிரி பின்கோடு பேருக்குள்ளேயே கிடையாது. அதனால ரெண்டு வழி. ஒண்ணு, பிப்-க்கு ஒரே ஒரு முகவரி கொடுங்க, எக்ஸ்ட்ரா வேண்டாம். அந்த ஒரே சர்வர், டெவ்பிஐ மாதிரி ஒண்ணு, உங்க பேக்கேஜை வச்சிருக்கும்; பொதுப் பேக்கேஜைத் தானே போய் பைபிஐ-ல இருந்து வாங்கிக் கொடுக்கும். உங்க பேர்ல வெளியில இருந்து எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னு விதி அங்க போட்டுக்கலாம். ரெண்டு, யுவி மாதிரி புது டூலுக்கு மாறுங்க. அது ஒரு பேர் எந்த இண்டெக்ஸ்ல முதல்ல கிடைக்குதோ அங்கேயே நின்னுடும், மத்த இடத்துக்குப் போய் பெரிய வெர்ஷனைத் தேடாது. இந்தப் பேக்கேஜ் இந்த இண்டெக்ஸ்ல இருந்து மட்டும்தான்னு கையால எழுதியும் வைக்கலாம். பொயட்ரியிலயும் அந்த வசதி இருக்கு. கூடவே, காலியா இருக்கிற உங்க பேரை பைபிஐ-ல ஒரு வெத்துப் பேக்கேஜ் போட்டுப் பிடிச்சு வைக்கலாம். பைடார்ச் டீம் பண்ணினதும் அதுதான். பேரையும் பைடார்ச்-ட்ரைட்டன்னு மாத்திட்டாங்க.

கோ மொழிக்காரங்க சிரிச்சுக்கலாம். அங்க மாட்யூல் பேரே முகவரிதான். கோப்ரைவேட்ங்கிற செட்டிங்கை மட்டும் மறக்காதீங்க, இல்லைன்னா உங்க ப்ரைவேட் மாட்யூலோட பேர் பொது ப்ராக்ஸிக்குப் போகும்.

அடுத்தது லாக் ஃபைல். இதை அத்தையோட யூனிட்லதான் நான் ஒழுங்காப் புரிஞ்சுக்கிட்டேன். அங்க துணியை வெட்டி மூட்டை கட்டும்போது ஒவ்வொரு கட்டுலயும் ஒரு சீட்டு வைப்பாங்க. எந்த லாட், என்ன சைஸ். கையும் உடம்பும் ஒரே லாட் துணியா இருக்கணும். "ஒரே ரோஸ் கலர்தானே அத்தை, மாத்தித் தைச்சா என்ன?"ன்னு கேட்டேன். "கலர் பேர் ஒண்ணுதான். லாட் மாறினா சாயம் மாறும். ரெண்டு துவையல்ல கை தனியாத் தெரியும்"ன்னாங்க. லாக் ஃபைல் அந்தச் சீட்டுதான். பேர், வெர்ஷன், எங்கிருந்து வந்துச்சு, உள்ளே இருக்கிறதோட ஹேஷ், எல்லாம் அதுல இருக்கும். அதை ரிப்போல கமிட் பண்ணுங்க. சர்வர்ல என்பிஎம் இன்ஸ்டால் போடாதீங்க, என்பிஎம் சிஐ போடுங்க. பேக்கேஜ் ஜேசனோட லாக் ஃபைல் ஒத்துப்போகலைன்னா அது நின்னுடும். பிப்-ல ரெக்வயர்-ஹேஷஸ் இருக்கு. ஹேஷ் ஒத்துப்போகாத துணி உள்ளே வராது.

மூணாவது, சாவி. இது தனிக் கூத்து. எங்க ப்ரைவேட் ரெஜிஸ்ட்ரியில நுழைய ஒரு டோக்கன் வேணும். ஆரம்பத்துல ஒரு சீனியர் அவரோட சொந்த டோக்கனை எல்லா ப்ராஜெக்ட்லயும் போட்டுட்டார். அவர் வேலையை விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேக் வெட்டினோம், ஆறு மணிக்கு அவர் அக்கவுன்ட்டை மூடினாங்க, ஆறு அஞ்சுக்கு நாலு ப்ராஜெக்டோட பில்டும் செத்துடுச்சு. அவர் பஸ்ல ஏறிட்டார். ஆளோட சாவியை மெஷின்கிட்டக் கொடுக்காதீங்க. மெஷினுக்குன்னு தனி டோக்கன், படிக்க மட்டும் அனுமதி, காலாவதி தேதியோட. அதை ஃபைல்ல எழுதாம சிஐ-யோட ரகசியப் பெட்டியில வைங்க. டாக்கர் இமேஜுக்குள்ள டோக்கன் தங்கிடாம பில்ட் சீக்ரெட்டாக் கொடுங்க.

கடைசியா ஒண்ணு. உங்களுக்கு ரெஜிஸ்ட்ரி தேவையே இல்லாம இருக்கலாம். மூணு பேர் டீம், மூணு சப்-ப்ராஜெக்ட், எல்லாரும் ஒண்ணாத்தான் ரிலீஸ் பண்றீங்கன்னா, எல்லாத்தையும் ஒரே ரிப்போல போட்டு வொர்க்ஸ்பேஸா வச்சுக்கோங்க. என்பிஎம் 7-ல இருந்து அது உள்ளேயே இருக்கு. பொதுக் கோடு பக்கத்து ஃபோல்டர்ல இருக்கும், வெர்ஷன் சண்டை இல்ல, டோக்கன் இல்ல. பேக்கேஜ் ஜேசன்ல ப்ரைவேட் ட்ரூன்னு போட்டா தவறிக்கூட பப்ளிஷ் ஆகாது. தனித்தனி டீம், தனித்தனி ரிலீஸ் தேதின்னு வரும்போது ரெஜிஸ்ட்ரியை யோசிக்கலாம். நாங்க நாலு பேரா இருந்தப்போ வச்சது அவசரம்தான்னு இப்போ தோணுது.

முடிக்கிறதுக்கு முன்னாடி

அந்த இன்டர்ன் அப்புறம் அதே டீம்ல வேலைக்குச் சேர்ந்தாங்க. சிஐ-ல இப்போ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுது. எங்க உள் பேக்கேஜ் எதுவும் எங்க சர்வர் தவிர வேற இடத்துல இருந்து வந்தா பில்டை நிறுத்திடும். முப்பது வரி இருக்கும். எழுதினது அவங்கதான். அதை ரிவ்யூ பண்ணினது நான். ரெண்டு கேள்வி கேட்டேன், ரெண்டுக்கும் பதில் இருந்துச்சு, அப்ரூவ் பண்ணிட்டேன்.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரு காரியம் பண்ணுங்க. மெட்ரோல இருந்தா ஆஃபீஸ் போய்ப் பண்ணுங்க. உங்க ரிப்போல எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல்னு தேடுங்க. ஜாவாஸ்கிரிப்ட்னா, ஸ்கோப் இல்லாத உள் பேக்கேஜ் ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்தப் பேர் பொது இடத்துல யார்கிட்ட இருக்குன்னு தேடுங்க. அஞ்சு நிமிஷம்தான். ஏதாவது கிடைச்சா சத்தமில்லாம மாத்தாதீங்க, சொல்லிட்டு மாத்துங்க.

அப்புறம், டீம்ல புதுசா வந்த யாராவது உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டு, "டிக்கெட்டை முடிம்மா"ன்னு நீங்க சொல்லியிருந்தா, இன்னைக்கே கூப்பிட்டுத் திரும்பக் கேளுங்க. அவங்க இன்னொரு தடவை கேட்க மாட்டாங்க.

அத்தை மெஷினை நிறுத்திட்டாங்க, டீ நேரம் போல. நானும் கிளம்புறேன். உங்க டீம்ல இதை எப்படி வச்சிருக்கீங்கன்னு மெயில்ல எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். போன சார்ஜர் கடைசியில வந்துச்சான்னு கேட்கிறவங்களுக்கு, வந்துச்சு. இருபத்திரெண்டாவது நாள். இந்தத் தடவை பெட்டி மேல பின்கோடைப் பெருசா எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டிருந்தாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.